பதிவேட்டின் நகல் ஏன் தவறுகிறது?

நம் பேராக் மாநிலத்தில் கித்தாத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் தாமான்களும் எழுந்துவிட்டன. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் சிலிம் ரிவரிலும் அத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பெயர்கள் இன்று எங்கே இருக்கின்றன? செக்ரோல் புத்தகங்களிலும், தோட்டத்து ஆஸ்பத்திரி ஏடுகளிலும், பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகங்களிலும், ஜமாஅத்துகளின் நிக்காஹ் தப்தர்களிலும், மையவாடிக் கணக்குகளிலும் இருக்கின்றன. கறையான் தின்றது போக, மழையில் நனைந்தது போக, எஞ்சியவை மட்டும் இருக்கின்றன என்று சொல்வதே பொருத்தம்.

நாம் தப்தர் என்பதும் மலாய்க்காரர் டஃப்தார் என்பதும் ஒரே சொல்தான். ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிந்துகொள்வதற்காக 2011-இல் நடந்த இயக்கத்திற்கும் மைடஃப்தார் என்றே பெயர் வைத்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவருக்கு, இன்ன தோட்டத்தில், இன்ன ஆண்டில், இன்னாருக்குப் பிறந்தவர் என்று காட்டும் ஒரு பழைய வரி எவ்வளவு பெறுமதியுடையது என்பதை, அடையாளக் கார்டுக்காக அலைந்தவர்கள் அறிவர். ஆகவே இத்தகைய ஏடுகளைப் படம் பிடித்து, எழுத்துகளைத் தட்டெழுதி, பெயரைச் சொன்னதும் பக்கத்தைக் காட்டும் தேடற் பதிவேடாகக் கணினியில் ஏற்றுவது நல்ல காரியம். அந்தப் பதிவேட்டின் சேமநகல் ஏன் தவறுகிறது, தவறினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இம்மாதப் பாடம்.

இவ்வேலைக்குப் பலர் உபயோகிக்கும் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச் என்பது. 2010-இல் வெளிவந்தது. இதன் உள்ளே இயங்கும் தேடல் யந்திரமோ 1999-இல் தோன்றிய லூசீன். உரிமத் தகராறு ஒன்றினால் 2021-இல் ஓப்பன்சர்ச் என்னும் கிளை பிரிந்தது. இங்கே நாம் கூறுவனவற்றில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் கிளஸ்டர் என்றால் என்னவென்று பார்ப்போம். மூன்று டிவிஷன்கள் கொண்ட ஒரு தோட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர்ப் புத்தகம் பெரிதாகிவிட்டதால் அதை ஐந்து பாகங்களாகப் பிரித்து, டிவிஷன் கிராணிகள் மூவரிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு கரிநகல் உண்டு. அசல் ஒருவரிடம் இருந்தால் நகல் மற்றொருவரிடம் இருக்கும். எந்தப் பாகம் யாரிடம் என்ற கணக்கைப் பெரிய கிராணி வைத்திருக்கிறார். இந்த மூன்று கிராணிகளும் மூன்று கணினிகள்; பாகங்களுக்கு ஷார்ட் என்று பெயர்; அசல் பிரைமரி, கரிநகல் ரெப்ளிகா; பெரிய கிராணி மாஸ்டர். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் தேடல் நிற்காது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கரிநகல் இருக்கும்போது வேறு நகல் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்தப் பெயரை அடித்துவிடு என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தால், அசலிலும் அடிக்கப்படும், கரிநகலிலும் அடிக்கப்படும். இரண்டும் ஒரே நொடியில் நடக்கும். கணினி பழுதானால் ரெப்ளிகா காப்பாற்றும். மனிதர் தவறினால் காப்பாற்றாது. 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச் கணினிகளில் கயவர்கள் நுழைந்து, பதிவேடுகளை அழித்துவிட்டு, பிட்காயின் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். அந்தக் கணினிகளில் எத்தனை ரெப்ளிகா இருந்திருந்தாலும் பயனில்லை. 2022-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் கடவுச்சொல் தானாகவே அமைகிறது. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்போர் இன்றே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

உண்மையான சேமநகலுக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். புத்தகம் இருந்த நிலையை அப்படியே எடுத்து, ரெப்பாசிட்டரி எனப்படும் தனிக் களஞ்சியத்தில் வைப்பது. களஞ்சியம் பொது வட்டாகவும் இருக்கலாம், அமேசான் முதலிய கம்பெனிகளின் தொலைதூரக் கிடங்காகவும் இருக்கலாம். கணினியில் எலாஸ்டிக்சர்ச் தகவல் வைத்திருக்கும் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அத்தகைய நகல் பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் சில பக்கங்கள் ஓசையின்றிக் காணாமற் போயிருக்கும்.

ஸ்னாப்ஷாட்டின் சூட்சுமம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டவருக்குப் பிழைகளில் பாதி தாமே விளங்கிவிடும். லூசீன் எழுதும் துண்டுக் கோப்புகள் எழுதியபின் மாறுவதில்லை. திருத்தம் செய்தால் பழைய பக்கத்தைச் சுரண்டி எழுதுவதில்லை. பழைய வரி செல்லாது என்று தனிக்குறிப்பு வைத்துவிட்டு, புதுப் பக்கத்தில் புது வரி எழுதுகிறது. அவ்வப்போது சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய துண்டாகக் கட்டுகிறது. ஆகையால் இன்றைய ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது, நேற்றைக்குப்பின் தோன்றிய துண்டுகளை மாத்திரம் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனால் போதும். பழைய துண்டுகள் முன்பே அங்கே இருக்கின்றன. இன்றைய ஸ்னாப்ஷாட் என்பது, இன்னின்ன துண்டுகளைச் சேர்த்தால் இன்றைய புத்தகம் என்று சொல்லும் ஒரு பட்டியலே.

இதன் விளைவைக் கவனியுங்கள். களஞ்சியம் நிறைந்துவிட்டது; இடம் வேண்டும். யாரோ ஓர் அன்பர் நல்லெண்ணத்தோடு உள்ளே போய், தேதியைப் பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முந்திய கோப்புகளைக் கையால் அழித்துவிடுகிறார். வீட்டுக் கணக்கில் அது சரியான முறை. இங்கேயோ, இன்று காலை எடுத்த ஸ்னாப்ஷாட் சாய்ந்துகொண்டிருப்பதே அந்த இரண்டு வருஷத்துக் கோப்பின்மீதுதான். அந்தத் துண்டுக்குப் பிறகு மாறாத பெயர்கள், அதாவது பழைய தோட்டங்களின் பெயர்கள், அங்கே மட்டும்தான் இருந்தன. மிகவும் கொடுமை என்னவெனில், பட்டியலைக் கேட்டால் ஸ்னாப்ஷாட் 'வெற்றி' என்றே பதில் வரும். மீட்கப் போகும் நாளில்தான் கோப்பு இல்லை என்ற பிழை எழும். பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டுமானால் எலாஸ்டிக்சர்ச்சிடமே சொல்லி நீக்க வேண்டும். வேறெந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் தேவைப்படாத துண்டுகளை மட்டும் அது பார்த்து அகற்றும். களஞ்சியக் கோப்புறைக்குள் கைவைக்கலாகாது என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

நிற்க. இனிப் பிழைகளைப் பார்ப்போம்.

களஞ்சியத்தைப் பதியும்போதே சிலருக்குத் தடை வந்துவிடுகிறது. பொது வட்டு ஒன்றைக் களஞ்சியமாக்க வேண்டுமானால், 'பாத் ரெப்போ' என்னும் வரியில் அதன் இடத்தை எல்லாக் கணினிகளின் அமைப்புக் கோப்பிலும் எழுதி, ஒவ்வொன்றையும் மறுபடி தொடக்க வேண்டும். ஒன்றில் எழுதி இரண்டில் விட்டவர்கள் அநேகர். இப்பிழைச் செய்தி தெளிவாகவே பேசும். அந்த இடம் அனுமதிக்கப்பட்ட இடங்களில் இல்லை என்று சொல்லும். படித்தால் போதும்.

அடுத்த பிழை கொஞ்சம் நுட்பமானது. பதிவின்போது மாஸ்டர் களஞ்சியத்தில் ஒரு சிறு சோதனைக் கோப்பை எழுதிவைத்து, மற்றக் கணினிகளைப் பார்த்து, இது தெரிகிறதா, நீங்களும் எழுத முடிகிறதா என்று கேட்கும். தெரியவில்லை என்று ஒரு கணினி சொன்னால், 'மாஸ்டர் எழுதிய கோப்பை இன்ன கணினியால் காண முடியவில்லை' என்ற பொருளில் சரிபார்ப்புப் பிழை வரும். காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, வட்டு உண்மையில் பொதுவாக இல்லை. மூன்று கணினியிலும் ஒரே பெயருள்ள கோப்புறை இருக்கிறதே தவிர, மூன்றும் வெவ்வேறு கோப்புறைகள். மற்றொன்று அனுமதி.

அனுமதி விஷயத்தைத் தோட்டத்து உதாரணத்தால் விளக்குவோம். செக்ரோலில் ஆளை எண் கொண்டே அறிவார்கள். ஒரு டிவிஷனில் 112-ஆம் எண்ணுக்குரிய மைதீன், அடுத்த டிவிஷனில் வேறு எண். லினக்ஸ் கணினியும் அப்படித்தான். பெயர் எலாஸ்டிக்சர்ச் என்று ஒன்றாக இருந்தாலும், பொது வட்டு பார்ப்பது எண்ணைத்தான். டாக்கர் வழி நிறுவினால் அந்தப் பயனருக்கு 1000 என்னும் எண். நேரடிப் பொதியாக நிறுவினால் அந்தக் கணினி அப்போது கொடுத்த வேறோர் எண். ஒரு கணினி எழுதியதை மற்றொன்று படிக்க மாட்டாமல் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நிற்கும். எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவது சோம்பேறியின் வைத்தியம். பதிவேட்டில் அடையாளக் கார்டு எண்களும் இருக்குமாகையால் அது தகாது. மூன்றிலும் ஒரே எண் கொடுப்பதே முறை.

இவ்வளவும் சரியாக இருந்து, ஆறு மாதம் ஒழுங்காக ஓடியபின் ஒருநாள் தவறுவதும் உண்டு. ஈப்போவில் இருப்பவர்களுக்குப் பிற்பகல் இடிமழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் போகிறது, திரும்ப வருகிறது. கணினிகள் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுகின்றன. பொது வட்டுப் பெட்டி எழ ஐந்து நிமிஷம் ஆகிறது. கணினி வட்டைத் தேடுகிறது, காணவில்லை, விட்டுவிடுகிறது. வட்டு பொருந்த வேண்டிய இடத்தில் வெறுங்கோப்புறை மட்டும் நிற்கிறது. எலாஸ்டிக்சர்ச் அதைத் திறந்து பார்த்து, நாம் வைத்த கணக்கு எங்கே என்று திகைத்து, களஞ்சியத்தின் உள்ளடக்கம் எதிர்பார்த்த நிலையில் இல்லை, மேலும் கெடாதிருக்க அதை முடக்கிவிட்டேன் என்று பிழை காட்டும்.

அச்செய்தியின் கடைசியில், களஞ்சியத்தின் பதிவை நீக்கி மறுபடி பதியவும் என்று ஓர் ஆலோசனையும் இருக்கும். ஆலோசனை சரிதான், பதிவை நீக்கினால் உள்ளே இருக்கும் நகல்கள் அழிவதில்லை. ஆனால் காரணத்தைப் பாராமல் உடனே அதைச் செய்பவர், வெறுங்கோப்புறையையே களஞ்சியமாகப் பதிந்துவிடுவார். பிழை மறையும். அன்றிரவு முதல் ஸ்னாப்ஷாட் கணினியின் சொந்த வட்டிலேயே விழத் தொடங்கும். முதலில் ஒவ்வொரு கணினியிலும் வட்டு உண்மையில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, பொருந்தியபின் அங்கே பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே மறுபதிவு செய்ய வேண்டும்.

இதே பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே களஞ்சியத்தில் இரண்டு கிளஸ்டர்கள் எழுதுவது. சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கணினியை வைத்து, அதே களஞ்சியத்தை அதிலும் பதிந்துவிடுகிறார்கள். எழுதும் உரிமை ஒரு கிளஸ்டருக்குத்தான். மற்றவை 'படிக்க மட்டும்' என்ற நிபந்தனையோடு பதியப்பட வேண்டும்.

பகுதி வெற்றி

'பார்ஷியல்' என்று ஒரு நிலை உண்டு. வெற்றியுமன்று, தோல்வியுமன்று. இதைத்தான் நாம் மற்றெல்லாவற்றையும்விட அபாயகரமாகக் கருதுகிறோம்.

கிளஸ்டரின் உடல்நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் காட்டுவார்கள். மஞ்சள் என்றால் கரிநகல் சில இல்லை. ஸ்னாப்ஷாட் அசலிலிருந்து எடுக்கப்படுவதால் மஞ்சளில் அதற்குத் தடையில்லை. சிவப்பு என்றால் ஏதோ ஒரு பாகத்தின் அசலே இல்லை. அப்போது ஸ்னாப்ஷாட் தோல்வியடைவதே வழக்கம். அந்தத் தொந்தரவு வேண்டாமென்று, 'கிடைத்ததை எடு' என்ற விருப்பத்தை ஒருவர் இயக்கி வைத்திருந்தால், கிடைத்த பாகங்களை எடுத்துவிட்டுப் பார்ஷியல் என்று குறித்துவைக்கும். எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கணினி நின்றுபோனாலும் இந்த நிலை வரலாம்.

ஐந்து பாகத்தில் நான்கு கிடைத்தது, ஒன்று போனால் போகட்டும் என்று நினைக்கலாகாது. பாகங்கள் தோட்டவாரியாகவோ அகர வரிசையிலோ பிரிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு வரியின் அடையாள எண்ணையும் ஒரு கணக்கில் போட்டு, வரும் விடைக்கேற்பப் பாகத்தில் போடுகிறது யந்திரம். ஆகவே ஒரு பாகம் போனால் ஒரு தோட்டம் போவதில்லை. எல்லாத் தோட்டத்திலும் ஐந்தில் ஒருவர் போகிறார். தகப்பன் இருப்பார், மகன் இருக்கமாட்டார். சுங்காய்த் தோட்டப் புத்தகமே காணோம் என்றால் யாரேனும் கவனிப்பார்கள். அங்கங்கே ஒரு பெயர் இல்லையென்றால், அவர் அந்தத் தோட்டத்தில் பிறக்கவேயில்லை போலும் என்றுதான் எண்ணுவார்கள். பார்ஷியலை மீட்கவும் யந்திரத்தை இணங்கச் செய்யலாம். கிடைக்காத பாகத்தை வெற்றுப் பாகமாக வைத்துத் திறந்து கொடுக்கும்.

பார்ஷியல் வந்தால், அந்த ஸ்னாப்ஷாட்டின் விவரத்தைக் கேட்டு, தவறிய ஷார்டுகளின் பட்டியலைப் படியுங்கள். எந்தப் பாகம், எந்தக் கணினி, என்ன காரணம் என்று அங்கே எழுதியிருக்கும். பிறகு கிளஸ்டரின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பைத் தீர்த்தபின் புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். முழு வெற்றி கிடைக்கும்வரை முந்திய நல்ல ஸ்னாப்ஷாட்டை நீக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7.4 பதிப்பிலிருந்து ஸ்னாப்ஷாட்டுக்கு நேரம் குறித்துவைக்கும் வசதி உண்டு. அந்த நேரம் உலகப் பொதுநேரம். நம் நேரமோ அதற்கு 8 மணி முன்னால் ஓடுவது. அதிகாலை 1.30 என்று எழுதினால் ஈப்போவில் காலை 9.30-க்கு நடக்கும். இங்கே அதிகாலை 2 மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட்டின் பெயரில் முந்தின நாள் தேதி இருக்கும். இன்றைய தேதியில் தேடுபவர் காணவில்லை என்று கலங்குவார். மாலை 5 மணிக்கு ஆபீசைப் பூட்டும்போது கணினியையும் அணைத்துவிடும் வழக்கமுள்ள இடங்களில் நேரக் குறிப்பை இன்னும் யோசித்துச் செய்ய வேண்டும். பழைய பதிப்புகளில் ஒரு வேளையில் ஒரு ஸ்னாப்ஷாட்தான் நடக்கும். நடக்கும்போது இன்னொன்று கேட்டால் பிழை வரும். ஒன்று முடியாமலே தொங்கிக்கொண்டிருந்தால், அதே ஸ்னாப்ஷாட்டை நீக்கும்படி ஆணையிட்டால் அது நிறுத்தப்படும்.

சரி, பிழை வந்தால் யாருக்குத் தெரியும்? கிட்லாப் என்னும் பெரிய மென்பொருள் கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். ஒரு பணியாளர் நள்ளிரவு வேலையின்போது, துணைக் கணினி என்றெண்ணி முதன்மைக் கணினியின் தகவற் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் எஞ்சியது 4.5 ஜிபி. நகல் எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. தினசரி நகலெடுக்கும் கருவி, தகவற்களத்தின் பதிப்போடு பொருந்தாத பதிப்பாக இருந்ததால் தினமும் தவறிக்கொண்டிருந்தது. தவறியதைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் சரியான முத்திரை இல்லாமையால் திருப்பப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்குமுன் வேறு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. நம் போன்றோர் கற்பது அதனால்தான்.

ஆகவே பிழை மின்னஞ்சல் வரவில்லை என்பதை நற்செய்தியாகக் கொள்ளாமல், வெற்றிச் செய்தி வந்ததா என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

மீட்டுப் பார்த்தல்

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். அதே கிளஸ்டரில் மீட்டால், அதே பெயரில் பதிவேடு திறந்திருக்கிறது என்று யந்திரம் மறுக்கும். அந்த மறுப்பு நன்மைக்கே. பதற்றத்தில் ஓடுகிற பதிவேட்டை அழித்துவிட்டு மீட்க முயலாதீர்கள். பெயரை மாற்றி மீட்கும் வசதி உண்டு. பதிப்பையும் பாருங்கள். 6-ஆம் பதிப்பில் உருவான பதிவேடு 7-இல் திறக்கும், 8-இல் சாதாரணமாகத் திறக்காது.

தமிழ்ப் பதிவேடுகளுக்கே உரிய தடை ஒன்றுண்டு. 'கொ' என்னும் எழுத்தில் வரும் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யந்திரத்துக்கு வேறு வேறு. இதைச் சமன்படுத்த ஐசியு என்னும் துணைநிரலைச் சேர்ப்பது வழக்கம். அத்துணைநிரல் இல்லாத கணினியில் மீட்டால் பதிவேடு திறக்காது. நகல் கெட்டுவிட்டது என்று தவறாக முடிவுகட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, ஒரே பெயரின் பல வடிவங்கள். மைதீன், மொய்தீன், முஹ்யித்தீன் மூன்றும் ஒன்று என்று யந்திரத்துக்குச் சொல்லும் மாற்றுப்பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலோர் ஒரு தனிக் கோப்பாக அமைப்புக் கோப்புறையில் வைக்கிறார்கள். கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களுக்கு இப்பட்டியலே உயிர். முதியவர்களைக் கேட்டுக்கேட்டுச் சேர்த்தது. அக்கோப்பு ஸ்னாப்ஷாட்டில் சேராது. அமைப்புக் கோப்புகளும் இரகசியச் சாவிகளும் அவ்வாறே. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

மீட்டபின் மொத்த வரிகளை எண்ணி, அசலோடு ஒப்பிடுங்கள். பின்பு, முன்கூட்டியே தாளில் எழுதிவைத்த பத்துப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். மிகப் பழைய புத்தகத்திலிருந்து சில, சென்ற வாரம் ஏற்றியதிலிருந்து சில, மாற்றெழுத்துள்ளவை சில என்று அப்பத்தும் இருக்கட்டும். எண்ணிக்கை சரியாக இருந்து பெயர் கிடைக்கவில்லையெனில் மாற்றுப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். எண்ணிக்கையே குறைந்தால் பார்ஷியலா என்று பாருங்கள்.

களஞ்சியமும் கிளஸ்டரும் ஒரே கட்டடத்தில் இருப்பதும் போதாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் படி இல்லாதவையே மீளாதவை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் நிலையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளிநகல் இல்லாமையால் அழிந்தன. ஈப்போவில் ஒன்று இருந்தால், தைப்பிங்கிலோ பினாங்கிலோ ஒன்று இருக்கட்டும். அந்த இரண்டாம் நகலை ஸ்னாப்ஷாட் நடக்காத வேளையில் எடுக்க வேண்டும். பாதி எழுதிய நிலையில் எடுத்தால் பட்டியலும் துண்டுகளும் பொருந்தா. எலாஸ்டிக்சர்ச் பொது வட்டில் வைக்கும் நகலைத் தானாகப் பூட்டுவதில்லை. வெளியூர் போகும் வட்டை நாமே குறியீட்டுப் பூட்டிட்டு, சாவிச்சொல்லை இருவர் அறியும்படி, வட்டோடு சேராத வேறிடத்தில் எழுதிவைக்க வேண்டும்.